உனக்கு எதை வாசிக்க விருப்பம்?

(நம் ஜமாஅத் கல்விக் குழுவின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் குழுவின் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். முதலிடம் பெற்ற மாணவ மாணவியருக்குப் பரிசளிக்கிறோம். உயர்கல்விக்கு உதவித்தொகை திரட்டுகிறோம். இவை யாவும் தேவையான பணிகளே. ஆயினும், பதினைந்து வயதில் தேர்வெழுதும் பிள்ளையின் நிலை ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையிலேயே பெரிதும் உருவாகிவிடுகிறது. ஆகவே இன்று, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் நம் சிறார்களைப் பற்றி, அதிலும் அவர்களுடைய வாசிப்பைப் பற்றி மட்டும் பேச விழைகிறோம்.

பிள்ளைகளிடம் நாம் நாள்தோறும் பல கேள்விகள் கேட்கிறோம். வீட்டுப்பாடம் எழுதினாயா? எத்தனை மார்க் வாங்கினாய்? ஓதப் போனாயா? இவற்றுக்கெல்லாம் அவர்களும் பழகிய பதில்களைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், "உனக்கு எதைப் பற்றி வாசிக்க விருப்பம்?" என்றும், "எதை நீயாகவே வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய்?" என்றும் நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? முதற்கேள்வி விருப்பத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி இலக்கைப் பற்றியது. இவ்விரண்டையும் அறியாமல் நாம் வாங்கித் தரும் புத்தகம் அலமாரியில் உறங்கும். அறிந்து தரும் புத்தகம், அது பத்துப் பக்கப் புத்தகமாக இருந்தாலும், பிள்ளையின் கையில் கிழியும் வரை புழங்கும்.

இன்றைய நிலை

அசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையைப் பிரதம் என்னும் தன்னார்வ அமைப்பின் முயற்சியால் நாம் பெறுகிறோம். இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளை நேரில் வாசிக்கச் சொல்லி எடுக்கப்படும் கணக்கு அது. 2024ஆம் ஆண்டின் அறிக்கைப்படி, அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கக் கூடியவர்கள் 44.8 விழுக்காட்டினர். மூன்றாம் வகுப்பில் அத்தகையோர் 23.4 விழுக்காட்டினர். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் எடுத்த கணக்கை விட இது முன்னேற்றமே. எனினும், ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே தடுமாறுகிறார்கள் என்பது எளிதில் கடந்து செல்லக்கூடிய செய்தியன்று.

நம் மாநில அரசும் வாளாவிருக்கவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும், 2023இல் வாசிப்பு இயக்கம் எனத் திட்டங்கள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. வாசிப்பு இயக்கத்திற்கென வெளியிடப்பட்ட சிறு நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகள் வைத்தார்கள். பிள்ளையின் வகுப்பை மட்டும் பார்க்காமல், அதன் வாசிப்பு நிலையைப் பார்த்துப் புத்தகம் தரவேண்டும் என்ற நல்ல எண்ணம் அப்பெயர்களிலேயே விளங்குகிறது. ஆனால், முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர், ஒவ்வொரு பிள்ளையின் மனத்தையும் தனித்தனியே அறிவது கடினம். வீட்டிலும் மஹல்லாவிலும் இருக்கும் நமக்கே அது எளிது. பள்ளிக்கூடம் எழுத்தைத் தரும். எழுத்தின் மீது ஆசையை வளர்ப்பதில் நமக்குப் பெரும்பங்கு உண்டு.

விருப்பம் ஏன் முதன்மையானது?

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களை இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றுகிறோம். 1931இல் வெளிவந்த தம் நூலில் அவர் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உகந்த நூல் கிடைக்க வேண்டும் என்பதும், எந்த நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் இரண்டின் கருத்து. இவ்விதிகள் பெரியவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஏழு வயதுச் சிறுமியும் ஒரு வாசகரே. அவளுக்கு உகந்த நூல் எதுவென அறிய, முதலில் அவளை அறிய வேண்டும்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மைக்கேல் மெக்கென்னா, டென்னிஸ் கியர் என்னும் கல்வியாளர் இருவர், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு மனப்பான்மையை அறிய ஓர் எளிய கேள்வித்தாளை வெளியிட்டனர். அதில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே கார்ஃபீல்ட் என்னும் கேலிச்சித்திரப் பூனையின் நான்கு படங்கள்: மிக்க மகிழ்ச்சி முதல் மிக்க எரிச்சல் வரை. பதில் எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் தன் மனநிலைக்கு ஒத்த படத்தைச் சுற்றி வட்டமிட்டால் போதும். இக்கேள்வித்தாளை 18,000க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கொடுத்து ஆராய்ந்த முடிவு 1995இல் வெளிவந்தது. வகுப்பு ஏற ஏற, வாசிப்பின் மீதுள்ள விருப்பம் சராசரியாகக் குறைந்துகொண்டே வருவதை அது காட்டியது. பொழுதுபோக்காக வாசிக்கும் விருப்பம், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளிடம் இன்னும் விரைவாகக் குறைந்தது. சரியாக வாசிக்க வராததால் விருப்பம் குறைகிறது. விருப்பம் குறைந்ததால் வாசிப்பது இல்லை. வாசிக்காததால் மேலும் வருவதில்லை. இச்சுழலில் அகப்பட்ட பிள்ளையைத்தான் நாம் 'மந்தம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம்.

இச்சுழலை உடைக்க ஒரு வழி, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த, பிடித்த பொருளில் இருந்து தொடங்குவதாகும். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்னும் ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தனர். வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்கள், வாசிப்பில் வல்லவர்களாயினும் ஆட்டம் அறியாத மாணவர்களை விட அப்பகுதியை நன்கு புரிந்துகொண்டு விளக்கினர். இதை நாம் வீட்டிலேயே காணலாம். பாடப்புத்தகத்தில் நான்கு வரிகளுக்குத் திணறும் சிறுவன், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வீரரின் பெயரையும் ஓட்டங்களையும் விரல் வைத்துத் தேடிப் படித்துவிடுகிறான். அவனுக்குரிய வாசல் அங்கே திறந்திருக்கிறது.

நம் வீட்டுப் பெண்மணிகளின் முன்மாதிரி

நம் முன்னோரின் வாழ்விலும் இதற்குச் சான்று உண்டு. தமிழைச் சற்றே மாற்றியமைத்த அரபு எழுத்துக்களில் எழுதும் அரபுத் தமிழ் என்னும் அர்வி முறை நம் ஊர்களில் பரவலாக வழக்கில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் படியேறாத மூதாட்டியர் பலரும், ஓதப் பழகிய அந்த எழுத்துக்களைக் கொண்டே மாலைகளையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் மஸ்அலாக்களையும் வாசித்தனர். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்பர். எந்தத் தேர்வும் அவர்களை அதற்கு வற்புறுத்தவில்லை. கதையின் மீதும் பாட்டின் மீதும் கொண்ட விருப்பமே அவர்களை வாசகராக்கியது. அந்த மூதாட்டியரின் பேரப்பிள்ளைகளுக்கு வாசிப்பு கசக்கிறதென்றால், அவர்களுக்கு ஏற்ற இனிப்பை நாம் இன்னும் கண்டறியவில்லை என்றே பொருள்.

எப்படி அறிவது?

பிள்ளையின் வாசிப்பு விருப்பத்தை அறியப் பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையும் அரைமணி நேரமும் போதும். ஆனால் அது விசாரணையாக அமைந்துவிடலாகாது. கையில் தாளும் பேனாவும் எடுத்து அமர்ந்தால், பிள்ளை நாம் விரும்பும் பதிலைத்தான் சொல்லும். "திருக்குறள் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். சோறூட்டும்போதோ, கடைக்கு அழைத்துச் செல்லும்போதோ பேச்சுவாக்கில் கேட்க வேண்டும். கேட்கத்தக்க சில கேள்விகள் வருமாறு:

பள்ளியில் உனக்குப் பிடித்த பாடம் எது? அதில் எந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தாய்? விலங்கு, கடல், வண்டி, விண்வெளி, சமையல், சிரிப்புக் கதை, பேய்க்கதை, பெரியோர் வரலாறு இவற்றுள் எதைப் பற்றிப் புத்தகம் வேண்டும்? தனியாக வாசிக்கப் பிடிக்குமா, யாராவது வாசித்துக் காட்டினால் பிடிக்குமா? படம் நிறைய வேண்டுமா? வாசிக்கும்போது உனக்கு எது கடினமாக இருக்கிறது? உனக்கு யார் வாசித்துக் காட்டினால் பிடிக்கும்? நீ யாருக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறாய்?

கேட்பதோடு கவனிக்கவும் வேண்டும். மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாளில் பிள்ளை எதைப் பார்க்கிறது, பேருந்தில் போகும்போது எந்தப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டுகிறது, கைப்பேசியில் எதைத் தேடுகிறது என்பவை வாயால் சொல்லாத பதில்கள்.

"எனக்கு வாசிக்கவே பிடிக்காது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைப் பிடிவாதமாக எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் அதன் உட்பொருள் "எனக்கு வாசிக்க வரவில்லை, வெட்கமாக இருக்கிறது" என்பதே. மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தைக் கொடுத்தால் பிள்ளை விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பித்துவிடும், நாமும் ஏமாந்துவிடுவோம். முன்பு காணாத எளிய பத்தி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். எளிதானதைத் தேட வேண்டும். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுசெல்லும் பிள்ளைக்கும், வாசித்தால் தலைவலிக்கிறது என்னும் பிள்ளைக்கும் முதலில் கண் பரிசோதனை செய்வது நம் கடமை.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மக்தபில் அரபு என மூன்று எழுத்துக்களை ஒருசேரக் கற்கும் அந்தச் சிறு உள்ளத்திற்கு, பொருள் புரிந்து வாசிக்கும் இன்பம் முதலில் வீட்டில் பேசும் மொழியில்தான் எளிதாகக் கிட்டும். அந்த இன்பத்தை ஒரு மொழியில் சுவைத்த பிள்ளை, மற்ற மொழியிலும் அதைத் தேடிச் செல்லும்.

இலக்கு பிள்ளையுடையதாக இருக்கட்டும்

இனி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். வாசிப்பில் இலக்கு என்பது நம் பிள்ளைகளுக்குப் புதியதன்று. மக்தபில் ஓதும் ஏழு வயதுச் சிறுவனிடம் "எதுவரை ஓதியிருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஜுஸ்உ, எந்த சூரா என்று உடனே சொல்வான். அலிஃபில் தொடங்கிக் குர்ஆனை முழுமையாக ஓதி முடிக்கும் நாள் வரை ஒவ்வொரு படியும் அவனுக்குத் தெரியும். முடிக்கும் நாளில் வீட்டில் இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். அதே சிறுவனிடம் "தமிழில் இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறாய்? அடுத்து என்ன?" என்று கேட்டால் விழிக்கிறான். முன்னதில் படிகளை நாம் அமைத்துக் கொடுத்திருக்கிறோம், பின்னதில் அமைக்கவில்லை. குறை பிள்ளையிடத்தில் இல்லை.

ஆனால் இலக்கை நாமே எழுதிப் பிள்ளையின் தலையில் சுமத்திவிடலாகாது. "மாதம் பத்துப் புத்தகம்" என்பது நம் ஆசை. பிள்ளைகளின் ஆசைகள் வேறு. வெளிநாட்டில் இருக்கும் வாப்பா கைப்பேசியில் அனுப்பும் செய்தியை யாருடைய உதவியும் இன்றி வாசிக்க வேண்டும் என்பது ஒரு பிள்ளையின் இலக்காக இருக்கலாம். உம்மம்மாவின் மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படித்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதும், தம்பிக்கு ஒரு கதையை நிறுத்தாமல் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும், வகுப்பில் எழுந்து நின்று நடுங்காமல் ஒரு பத்தி வாசிக்க வேண்டும் என்பதும் இலக்குகளே. இவற்றைச் சிறியவை என்று எண்ண வேண்டாம். பிள்ளை தானே சொன்ன இலக்கு, பிள்ளையைத் தானே நடத்திச் செல்லும்.

அத்தகைய இலக்கு தெளிவாகவும், ஓரிரு மாதங்களில் எட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "நன்றாக வாசிப்பேன்" என்பதை விட "இந்தக் கதையை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டுவேன்" என்பது மேல். எட்டியவுடன் பாராட்டி, அடுத்த இலக்கை அதனிடமே கேட்க வேண்டும்.

பரிசைப் பற்றியும் ஒரு சொல். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளவியலாளர்கள், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். பின்னர், சான்றிதழ் இல்லாதபோது அவர்கள் முன்பை விடக் குறைவாகவே வரைந்தனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் இக்குறைவு காணப்படவில்லை. ஆகவே, "ஒரு புத்தகத்திற்கு ஒரு சாக்லேட்" என்று விலைபேசினால், சாக்லேட் தீர்ந்ததும் வாசிப்பும் தீர்ந்துவிடக்கூடும். உடன் அமர்ந்து கேட்பதை விட உயர்ந்த பரிசு வேறில்லை.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கு முதலில் சொல்கிறோம். பிள்ளையின் விருப்பம் தெரிந்தபின், அருகில் உள்ள பொது நூலகத்தின் கிளைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948இல், பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. அதன் பயன் நம் வாசலில் இருந்தும் நாம் நுழையாமல் இருக்கலாகாது. அங்கே புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். ஒரே புத்தகத்தை ஆறாம் முறை எடுத்தாலும் தடுக்க வேண்டாம். மீண்டும் மீண்டும் வாசிப்பதால்தான் சரளம் வருகிறது. படக்கதையை இழிவாக எண்ண வேண்டாம். பெண்பிள்ளை விண்கலத்தைப் பற்றியும் ஆண்பிள்ளை சமையலைப் பற்றியும் கேட்டால் வியப்படையவும் வேண்டாம். அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களோடு கூடிய தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி வாசிக்கலாம். அவற்றில் படிநிலைகளும் குறிக்கப்பட்டுள்ளன.

எழுதப் படிக்க அறியாத தாய்மார்கள் தயங்க வேண்டாம். "எனக்கு வாசித்துக் காட்டு வாப்பா" என்று மகனிடம் கேட்கும் தாய், அவனுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த செவி. வெளிநாட்டில் இருக்கும் தந்தையர், கைப்பேசியில் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "இன்று என்ன வாசித்தாய்? அதில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் பிள்ளை வாசிக்கச் செவிமடுங்கள். கடல் கடந்தும் ஆற்றக்கூடிய கடமை இது.

ஜமாஅத்தின் முன் நாங்கள் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, தொடக்கப் பள்ளியில் பயிலும் நம் மஹல்லாப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு இருமுறை இவ்விரு கேள்விகளையும் கேட்டு, விருப்பத்தையும் இலக்கையும் ஓர் அட்டையில் குறித்து வைக்க வேண்டும். பிள்ளைகளின் விருப்பம் ஆறு மாதத்தில் மாறிவிடும் என்பதால் இருமுறை. அந்த அட்டை பெற்றோருக்கும் கல்விக் குழுவுக்கும் மட்டும் உரியது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கோ, யார் முந்தியவர் என்று ஒப்பிடுவதற்கோ உரியதன்று. இரண்டாவது, சிறுவர் நூல்கள் வாங்க நிதி ஒதுக்கும்போது, பட்டியலை நாமே தயாரிக்காமல் அந்த அட்டைகளைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் சிறார்கள் வாசிப்பதை உடனிருந்து கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். திருத்துவதற்கு முன் கேட்பது என்பது அவர்களுக்கு நாம் விதிக்கும் ஒரே நிபந்தனை.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் அலமாரி, சில கட்டு அட்டைகள், கேட்கும் மனம் ஆகியவையே முதலீடு. இவற்றைச் செய்யத் தவறினால், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் அதே திணறலோடு அமர்ந்திருக்கும். பின்னர் ஒருநாள் "படிப்பு ஏறவில்லை" என்ற சொல்லோடு ஆண்பிள்ளை கடைக்கும் பெண்பிள்ளை அடுப்படிக்கும் போய்ச் சேர்வர். அன்று நாம் வழங்கும் உதவித்தொகையைப் பெற்றுக்கொள்ள அவர்கள் பள்ளியில் இருக்க மாட்டார்கள்.

ஆகவே அன்பானவர்களே, இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையை அருகே அமர்த்தி, எதை வாசிக்க விருப்பம் என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பொறுத்திருங்கள். இதுவரை யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் தேடப் பிள்ளைக்குச் சற்று நேரம் வேண்டும்.

நம் சிறார்களின் கல்வியில் வல்ல இறைவன் அருள் புரிவானாக.